அணி ஆடிக்கொண்டிருக்கும்போதே அதன் கோச்சைப் பேசி முடிப்பது நியாயமா?

ஜெர்சி பயணி

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்க்கிறவர்களுக்கு மார்ச் மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். மார்ச் மேட்னஸ் என்ற அந்தத் தேசியப் போட்டியில் 68 அணிகள், ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அதே மூன்று வாரத்தில்தான் பெரிய பல்கலைக்கழகங்கள் சின்னக் கல்லூரிகளின் கோச்சுகளிடம் பேரம் பேசுகின்றன. அந்தக் கோச்சுக்கு இன்னும் சில வருட ஒப்பந்தம் பாக்கி இருக்கும், அவருடைய அணி இன்னும் போட்டியில் இருக்கும். நிருபர்கள் கேட்டால் இரு தரப்பும் "நாங்கள் பேசவே இல்லை" என்பார்கள். வார்த்தையளவில் அது உண்மையாகவும் இருக்கும். பேசியது கோச்சின் ஏஜென்ட்டும், பல்கலை காசு கொடுத்து அமர்த்திய, ஆள் தேடிக் கொடுக்கும் சர்ச் ஃபர்மும் அல்லவா.

2022-இல் செயின்ட் பீட்டர்ஸ் ஆடியது ஞாபகம் இருக்கிறதா? ஜெர்சி சிட்டியில் சில ஆயிரம் பேர் படிக்கும் ஜெசூட் பல்கலை. ஒவ்வொரு பிரிவிலும் 16 வரை போகும் தரவரிசையில் 15-ஆம் இடத்தில் உள்ளே வந்து கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டூ மூன்றையும் சாய்த்தார்கள். அந்தத் தரவரிசையிலிருந்து கடைசி எட்டுக்குள் நுழைந்த முதல் அணி. மார்ச் 27 அன்று நார்த் கரோலினாவிடம் 69-49 என்று தோற்றார்கள். மார்ச் 30 அன்று அவர்களுடைய கோச் ஷாஹீன் ஹாலோவே சீட்டன் ஹால் கோச்சாக அறிவிக்கப்பட்டார். சம்பளம், எத்தனை வருடம், யார் யார் உதவியாளர்கள் என்று எல்லாவற்றையும் அந்த மூன்று நாளில்தான் பேசத் தொடங்கினார்கள் என்றால் நான் நம்பமாட்டேன்.

அப்புறம் அணி சிதறியது. டக் எடர்ட் பிரையன்ட்டுக்கு, டேரில் பேங்க்ஸ் செயின்ட் போனவென்ச்சருக்கு, கே.சி. என்டெஃபோ கோச்சின் பின்னாலேயே சீட்டன் ஹாலுக்கு.

ஹாலோவேயைக் குறை சொல்லவில்லை. சீட்டன் ஹால் அவர் படித்து, ஆடி, பிறகு உதவி கோச்சாக இருந்த இடம். யாராக இருந்தாலும் போயிருப்பார்கள். எனக்குக் கோபம் அந்த முறையின் மேல்தான். ஆள் வேண்டுமென்றால் வெளிப்படையாகக் கேட்டு வாங்குங்கள், பின்வாசல் எதற்கு?

மூணு பாயிண்ட்

அண்ணே, நீங்கள் கடைசியாக வேலை மாறியபோது இன்டர்வியூவுக்குப் போகிறேன் என்று பழைய மேனேஜரிடம் சொல்லிவிட்டா போனீர்கள்?

வேலை உறுதியாகும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்பது சின்ன வயதிலிருந்தே நமக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். கோச்சுக்கு மட்டும் அது எப்படிப் பாவமாகும்? கிடைக்காத வேலைக்குப் பேசியது வெளியே வந்தால் அவர் கதி என்ன? புதிய இடமும் இல்லை, பழைய இடத்தில் மரியாதையும் இல்லை.

செயின்ட் பீட்டர்ஸ் பாவம் என்கிறீர்கள். ஹாலோவே போனதும் அவர்கள் யாரைக் கொண்டுவந்தார்கள்? ஸ்டேட்டன் ஐலண்டில் வாக்னர் கல்லூரியின் கோச்சாக இருந்த பஷீர் மேசனை. அவர் 2024-இல் மறுபடியும் அவர்களை மார்ச் மேட்னஸுக்கு அழைத்துப் போனார். வாக்னர் ரசிகர்கள் எங்கே போய் முறையிடுவது? அவர்களுக்காக இங்கே யாரும் இழை தொடங்கியதாகத் தெரியவில்லையே.

ஜெர்சி பயணி

என் மேனேஜரை நம்பி யாரும் தன் 18 வயதுப் பையனை ஊர்விட்டு ஊர் அனுப்பவில்லை தம்பி. வேறுபாடே அங்கேதான் இருக்கிறது.

கோச் ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த சாப்பாட்டைச் சாப்பிட்டு, "உங்கள் பையனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கிறார். பையன் கையெழுத்துப் போடுவதோ பல்கலையிடம். 2021 வரைக்கும் அந்தப் பையன் வேறு கல்லூரிக்கு மாறினால் ஒரு வருடம் ஆடாமல் வெளியே உட்கார வேண்டும். சொன்னவர் மறுநாளே போகலாம், நம்பியவன் ஒரு வருடம் தண்டனை அனுபவிக்க வேண்டும். பல வருடம் இதுதான் விதி.

மூணு பாயிண்ட்

அந்த விதி போய்விட்டது. இப்போது பையன்களும் கல்லூரி மாறுவதற்கான டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பேரைப் போட்டுவிட்டு அடுத்த சீசனிலேயே வேறு ஜெர்சி போடுகிறார்கள். காசும் வாங்குகிறார்கள். 2024-லிருந்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம். எந்த அநியாயத்துக்காக நீங்கள் கோபப்பட்டீர்களோ அது தீர்ந்துவிட்டது. கோபம் மட்டும் மிச்சம்.

லப்பாக் தமிழன்

எனக்கும் மிச்சம் இருக்கிறது.

கிறிஸ் பியர்ட். 2019-இல் எங்கள் லப்பாக் ஊர் டெக்சாஸ் டெக்கை இறுதியாட்டம்வரை கொண்டுபோனவர். வர்ஜீனியாவிடம் ஓவர்டைமில் தோற்றோம். ஊரே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. 2021 ஏப்ரல் 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்குப் போய்விட்டார். அதுவும் எங்கே? எங்கள் பரம எதிரி இருக்கும் ஆஸ்டினுக்கு! வேறு எங்கே போயிருந்தாலும் பொறுத்திருப்போம். அடுத்த பிப்ரவரியில் அவர் எதிரணிக் கோச்சாக லப்பாக்குக்கு வந்தபோது மாணவர்கள் அரங்கத்துக்கு வெளியே கூடாரம் போட்டுக் காத்திருந்தார்கள், வரவேற்க இல்லை. 77-64 என்று ஜெயித்து அனுப்பினோம்.

மூணு பாயிண்ட்

சரி, அந்தப் பியர்ட் உங்களிடம் எப்படி வந்தார் என்பதையும் சொல்லிவிடலாமே?

2016-இல் அவருடைய லிட்டில் ராக் அணி பர்டூவைத் தோற்கடித்ததும், மார்ச் கடைசியில் லாஸ் வேகாஸின் யுஎன்எல்வி அவரை எடுத்தது. மூன்று வாரம்கூட ஆகவில்லை. உங்கள் அப்போதைய கோச் டப்பி ஸ்மித் மெம்ஃபிஸுக்குப் போனதும், நீங்கள் போய் யுஎன்எல்வியிடமிருந்து பியர்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அவர் வேகாஸில் ஒரு ஆட்டம்கூட ஆடவைக்கவில்லை. யுஎன்எல்வி போய் நியூ மெக்சிகோ ஸ்டேட்டின் மார்வின் மென்சீஸை எடுத்தது.

நீங்கள் வாங்கியபோது அது திறமையைக் கண்டுபிடிப்பது, விற்றபோது துரோகம். அப்படித்தானே?

லப்பாக் தமிழன்

ஆமாம், அப்படித்தான். ரசிகனிடம் நேர்மையை எதிர்பார்க்காதீர்கள் :)

கணக்குப்பிள்ளை

நண்பர்களே, இதில் நீதிமன்றம் பேசியதும் இருக்கிறது. ஒப்பந்தம் படிப்பது என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பெரும்பாலான கோச்சுகளின் ஒப்பந்தத்தில் பைஅவுட் என்று ஒன்று இருக்கும். காலம் முடியுமுன் வேறு வேலைக்குப் போனால் இவ்வளவு தொகை கட்ட வேண்டும். அதைப் பொதுவாகப் புதிய பல்கலைதான் கட்டுகிறது. ஜீனோ ஃபோர்டு விஷயத்தில் அந்தப் பணம் தானாக வரவில்லை. அவர் ஓஹையோவின் கென்ட் ஸ்டேட்டில் கூடைப்பந்து கோச். 2011-இல் ஒப்பந்தத்தில் நாலு வருடம் மிச்சம் இருக்கையில் பிராட்லி பல்கலைக்குப் போனார். கென்ட் ஸ்டேட் வழக்குப் போட்டது. வருடத்துக்கு 3 லட்சம் டாலர் வீதம் நாலு வருடத்துக்கு 12 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. கோச் போவதால் சின்னப் பல்கலைக்கு வரும் நஷ்டம் கற்பனை இல்லை என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. டிக்கெட் விற்பனை, நன்கொடை, புது ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது எல்லாம் அடிபடும்.

பைஅவுட் தவிர இன்னொரு ஷரத்தும் பல ஒப்பந்தங்களில் உண்டு. வேறு இடத்தோடு வேலை பற்றிப் பேசுமுன் விளையாட்டுத் துறை இயக்குநரிடம், அதாவது ஏ.டி.யிடம், தெரிவிக்க வேண்டும். சிலவற்றில் எழுத்துப்பூர்வ அனுமதியே வேண்டும். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கக் கால்பந்தில் இருக்கிறது. பாஸ்டனில் நார்த்ஈஸ்டர்ன் பல்கலையின் டான் பிரவுன் 2004-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்குப் போனார். நார்த்ஈஸ்டர்ன் நீதிமன்றம் போய் அவர் அங்கே வேலை செய்யத் தடை வாங்கியது. கடைசியில் சமரசம்: மாசசூசெட்ஸ் பல்கலை 1,50,000 டாலர் கொடுத்தது, பிரவுனை முதல் மூன்று ஆட்டங்களுக்கு வெளியே உட்கார வைத்தது.

ஆக, மூணு பாயிண்ட் சொல்வதுபோல இது சாதாரண வேலை மாற்றம் இல்லை. சொல்லிவிட்டுப் பேசுகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் சொல்லாமல் பேசினால், தெரிந்தே பேசவைத்த பெரிய பல்கலைக்கும் அதில் பங்கு உண்டு.

மூணு பாயிண்ட்

சார், நல்ல தகவல். ஆனால் நீங்கள் காட்டியது எல்லாமே பணத்தில்தானே முடிந்திருக்கிறது? பைஅவுட் என்பதே முன்கூட்டி எழுதிய விலை. விலையைக் கட்டிவிட்டுப் போகிறவரைத் திருடன் என்று எப்படிச் சொல்வது?

அனுமதி கேட்டுவிட்டுப் போகச் சொல்கிறீர்கள். சொன்னவருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1989, மிச்சிகன். கோச் பில் ஃப்ரீடர். போட்டி தொடங்கும் நேரத்தில் அரிசோனா ஸ்டேட்டுக்கு ஒத்துக்கொண்டார், தொடர் முடிந்ததும் போகிறேன், அதுவரை அணியை நடத்துகிறேன் என்றார். ஏ.டி.யாக இருந்த போ ஷெம்பெக்லர் உடனே வெளியே போ என்றார். மிச்சிகன் அணியை மிச்சிகன்காரன்தான் நடத்துவான் என்று ஒரு வசனம் வேறு. தமாஷ் என்னவென்றால் மிச்சிகனில் படித்தவர் ஃப்ரீடர். அவருக்குப் பதிலாக நிறுத்திய ஸ்டீவ் ஃபிஷர் இல்லினாய் ஸ்டேட்டில் படித்தவர்.

இதைப் பார்த்த எந்தக் கோச் அதற்கப்புறம் வாயைத் திறப்பார்? ரகசியத்தைப் பெரிய பல்கலைகள் மட்டும் உண்டாக்கவில்லை. சொன்னவனைத் துரத்துகிற பழைய முதலாளிக்கும் அதில் பாதிப் பங்கு.

ஜெர்சி பயணி

கதையின் முடிவை விட்டுவிட்டீர்களே. ஃபிஷரை வைத்துக்கொண்டு அந்த மிச்சிகன் அணி தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்துச் சாம்பியன் ஆனது. சியாட்டிலில் இறுதியாட்டம், சீட்டன் ஹாலோடு, ஓவர்டைம். மூன்று வினாடி மிச்சம் இருக்கும்போது ருமீல் ராபின்சன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு 80-79. ஷெம்பெக்லர் முரடர்தான். ஆனால் நிலைமை என்ன என்று அந்தப் பையன்களுக்கு முதல் ஆட்டத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டு ஆடினார்கள்.

மூணு பாயிண்ட்

ஜெயித்ததால் இப்படிச் சொல்கிறீர்கள். முதல் சுற்றில் தோற்றிருந்தால் ஷெம்பெக்லரின் வீம்பு நாலு வருடம் உழைத்த பையன்களின் கனவைக் கெடுத்தது என்று எழுதியிருப்பீர்கள்.

ராலே அக்கா

இரண்டு பேருக்கும் அண்மைக்கால உதாரணம் ஒன்று தருகிறேன். எங்கள் ஊர்க் கதை, 2025.

நார்த் கரோலினா ஸ்டேட்டுக்குக் கோச் வேண்டும். லூசியானாவில் மெக்நீஸ் என்ற சின்னப் பல்கலையின் வில் வேட்தான் ஆள் என்று மார்ச் மேட்னஸ் தொடங்குமுன்பே செய்தி வந்துவிட்டது. வேட் மறுக்கவில்லை. பேச்சு நடக்கிறது, என் ஆட்டக்காரர்களுக்கும் நிர்வாகத்துக்கும் தெரியும் என்று பொதுவிலேயே சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு ஆடிய அணி என்ன செய்தது? மார்ச் 20 அன்று க்ளெம்சனை 69-67 என்று சாய்த்தது. மெக்நீஸ் வரலாற்றிலேயே இந்தப் போட்டியில் முதல் வெற்றி. அடுத்த சுற்றில் பர்டூவிடம் தோற்றார்கள். மார்ச் 23 அன்று இங்கே அறிவிப்பு. ஆட்டத்துக்கு முன்னால் பெரிய ஸ்பீக்கரைத் தோளில் தூக்கிக்கொண்டு பாட்டுப் போடுவாரே அந்த மாணவர் மேலாளர், அவர்கூட ராலேக்கு வந்துவிட்டார்.

சொன்னால் அணி உடைந்துவிடும், கவனம் சிதறும் என்பதெல்லாம் சாக்கு.

மூணு பாயிண்ட்

அக்கா, நேர்மைக்கு உதாரணமாக வில் வேட்! ஆட்டக்காரர்களுக்குப் பணம் பேசிய விவகாரத்தில் 2022-இல் எல்எஸ்யு பல்கலை வீட்டுக்கு அனுப்பிய ஆள். செய்தி கசிந்த பிறகு ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான். கசியாமல் இருந்திருந்தால்?

ராலே அக்கா

அவர் புண்ணியவான் என்று நான் சொல்லவில்லையே. இவ்வளவு மோசமான பேர் உள்ளவரே வெளிப்படையாகச் சொல்லிச் சமாளிக்க முடிந்தது என்றால் மற்றவர்களுக்கு என்ன கஷ்டம்?

வேட்டைப் பிடிக்கவில்லை என்றால் ராஸ் ஹாட்ஜைப் பாருங்கள். அதே மார்ச்சில் வெஸ்ட் வர்ஜீனியா அவரை நார்த் டெக்சாஸிலிருந்து எடுத்தது. அறிவிப்பு வந்த பிறகும் அவர் நார்த் டெக்சாஸ் பெஞ்சில் நின்று, மார்ச் மேட்னஸில் இடம் கிடைக்காத அணிகள் ஆடும் என்ஐடி தொடரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். யாரும் சாகவில்லை. என்ஐடி என்பதால் தேசிய டிவியில் யாரும் பெரிதாகப் பேசவுமில்லை.

கடைசி பெஞ்ச்

இவ்வளவு நேரம் கோச், பல்கலை, ஆட்டக்காரர் என்று மூன்று பேரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான் முதுகலை படித்தபோது ஒரு சின்னக் கல்லூரி அணியில் வீடியோ வெட்டிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். பேர் வேண்டாம். கோச் போகிறார் என்பது எங்கள் உதவிக் கோச்சுகளுக்கு நிருபர் ஒருவரின் ட்வீட்டில்தான் தெரிந்தது. அவர்களில் ஒருவர் ஒரு மாதத்துக்கு முன்புதான் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருந்தார், குழந்தையை அங்கே பள்ளியில் சேர்த்திருந்தார்.

தலைமைக் கோச்சுக்கு ஏஜென்ட் உண்டு, பைஅவுட் உண்டு. சின்ன இடங்களில் உதவிக் கோச்சுகளுக்குப் பெரும்பாலும் வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம்தான். புதிய கோச் வந்தால் தன் ஆட்களைக் கூட்டிவருவார். வீடியோப் பையன், வெயிட் ட்ரெய்னர், டிக்கெட் வாங்கிக் கொடுப்பவர் என்று பத்துப் பேர் ஒரே மத்தியானத்தில் வேலை தேட ஆரம்பிக்கிறார்கள். அதே மார்ச் இறுதியில் நாடு முழுக்க எல்லோரும் தேடுகிறார்கள். பத்து நாள் முன்னால் தெரிந்திருந்தால் நாலு இடத்துக்குப் போன் போட்டிருக்கலாம்.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், இரண்டு பேரை அவர் கூடவே கூட்டிப்போனார். அவர்கள் சம்பளம் எங்கேயோ போய்விட்டது. அவர்களைக் கேட்டால் இந்த இழையே வேண்டாத வேலை என்பார்கள்.

மூணு பாயிண்ட்

இது நான் யோசிக்காத பக்கம். உதவிக் கோச்சுகளின் கஷ்டம் உண்மை. ஆனால் அவர்களுக்கு மட்டும் முன்னதாகச் சொன்னால் பத்து நாள் அந்த ரகசியம் தாங்குமா? பத்து நிமிடம் தாங்காது. அவர்களும் நாலு இடத்துக்குப் போன் போடுவார்கள் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை

என்னைப் பொறுத்தவரை பெரிய அநியாயம் சர்ச் ஃபர்ம்தான். அதைப் பற்றி யாரும் சூடாகவில்லை, எனக்கு ஆச்சரியம்.

பெரிய பல்கலைகளில் நிறைய மாநிலப் பல்கலைகள். கோச்தான் பல மாநிலங்களில் அரசுச் சம்பளப் பட்டியலிலேயே முதலிடம். மாநிலச் சட்டப்படி அவர்களுடைய மின்னஞ்சல், தொலைபேசிப் பதிவு எல்லாம் பொதுப் பதிவு, பத்திரிகை கேட்டால் கொடுக்க வேண்டும். அதனால் ஏ.டி. எதையும் தன் கையால் செய்வதில்லை. ஒரு தனியார் நிறுவனத்தை அமர்த்துகிறார். பட்டியல் அவர்களிடம், போன் அவர்களுடையது, கோச்சின் ஏஜென்ட்டிடம் பேசுவதும் அவர்கள். பத்திரிகை கேட்டால் பல்கலையிடம் காட்ட ஒரு தாளும் இருக்காது. ஒரு கோச் தன் முதலாளியிடம் மறைப்பதையாவது புரிந்துகொள்ள முடியும். ஒரு மாநிலப் பல்கலை தன் மாநில மக்களிடமே மறைக்கக் காசு கொடுத்து ஆள் வைப்பதை எப்படி ஏற்பது?

இந்த நிறுவனங்கள் இல்லாமல் நேராகப் போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. 2003-இல் ஆபர்ன் பல்கலை. கால்பந்து கோச் டாமி டூபர்வில் பதவியில் இருக்கும்போதே, அலபாமாவோடு ஆட வேண்டிய பெரிய ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், பல்கலைத் தலைவரும் ஏ.டி.யும் தனி விமானம் ஏறி லூயிவில் பக்கம் போனார்கள். லூயிவில் கோச் பாபி பெட்ரினோவைப் பார்க்கத்தான். வெளியே வந்தது. அடுத்த ஜனவரியில் பல்கலைத் தலைவர் வில்லியம் வாக்கர் பதவி விலகினார். டூபர்வில் இருந்துவிட்டார், 2004-இல் 13 ஆட்டத்தில் 13 வெற்றி. அந்த விமானப் பயணத்துக்குப் பிறகு எல்லோரும் கற்றுக்கொண்டது ஒழுக்கம் இல்லை, இடைத்தரகரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைத்தான்.

லப்பாக் தமிழன்

2025 சங்கிலியைக் கொஞ்சம் கேளுங்கள், எனக்கு மிகப் பிடித்தது. வில்லனோவா மேரிலாந்தின் கெவின் வில்லார்டை எடுத்தது. மேரிலாந்து டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் பஸ் வில்லியம்ஸை எடுத்தது. ஏ அண்ட் எம் சாம்ஃபோர்டின் பக்கி மெக்மில்லனை எடுத்தது. சாம்ஃபோர்டு லிப்ஸ்கோம்பின் லென்னி ஏகஃபை எடுத்தது.

இதில் வில்லார்ட் வேறு ரகம். போட்டி நடக்கும்போதே பத்திரிகையாளர் முன்னால் உட்கார்ந்து, மேரிலாந்து போதுமான பணம் போடவில்லை, என் ஏ.டி.யே வேறு இடத்துக்குப் போகப் போகிறார் என்று புலம்பினார். ஏ.டி. நிஜமாகவே எஸ்எம்யு-வுக்குப் போனார். ராலே அக்கா கேட்ட வெளிப்படைத்தன்மை இதுதானே? மேரிலாந்து ரசிகர்கள் ரொம்ப மகிழ்ச்சியாக இருந்தார்களாக்கும்.

நிர்வாகி

விவாதம் நன்றாகப் போகிறது. ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். கோச்சுகளின் குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

ராலே அக்கா

லப்பாக் தம்பி, வில்லார்ட் செய்தது வெளிப்படையான பேரம். நான் கேட்பது தகவல்.

காலண்டரையும் பாருங்கள். 2025-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் மார்ச் 24 அன்று திறந்தது. இரண்டாம் சுற்று முடிந்த மறுநாள், 16 அணிகள் இன்னும் போட்டியில் இருக்கின்றன. அதற்குள் கோச் இல்லாத பல்கலைக்கு ஆட்டக்காரர்கள் இல்லை. கோச்சை மார்ச்சிலேயே பிடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ தானே உண்டாக்கியது. டிரேக் பல்கலையைக் கேளுங்கள். 2024-இல் டேரியன் டிவ்ரீஸ் வெஸ்ட் வர்ஜீனியாவுக்குப் போனார். பென் மெக்காலம் வந்தார், 31 வெற்றி, 4 தோல்வி என்று ஒரு பிரமாதமான சீசன், உடனே 2025-இல் ஐயோவாவுக்கு. அவர் கூடவே பென்னட் ஸ்டர்ட்ஸ் உள்பட சிலர். டிரேக் போய் சவுத் டகோட்டா ஸ்டேட்டின் கோச்சை எடுத்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அணியையே முதலிலிருந்து கட்டுகிறார்கள்.

மூணு பாயிண்ட்

காலண்டரை மாற்றினால் அவசரம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். ரகசியம் குறையாது. ஃப்ரீடர் காலத்தில் போர்ட்டல் ஏது?

டிரேக் விஷயத்தில் இன்னொன்று. மெக்காலம், கீழ்நிலைப் பிரிவான டிவிஷன் 2-இல் நார்த்வெஸ்ட் மிசூரி ஸ்டேட்டுக்கு நாலு தேசியப் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவரை அங்கேயிருந்து எடுத்தது டிரேக். ஸ்டர்ட்ஸும் அங்கேயிருந்து அவரோடு வந்தவர்தான். படிக்கட்டு மேலேயும் உண்டு, கீழேயும் உண்டு. இந்தப் படிக்கட்டு இல்லையென்றால் சின்னக் கல்லூரிக்குத் திறமையான இளம் கோச்சுகள் வரவே மாட்டார்கள். நாளை மேலே போகலாம் என்றுதானே குறைந்த சம்பளத்துக்கு வருகிறார்கள்?

ஜெர்சி பயணி

படிக்கட்டை யாரும் இடிக்கச் சொல்லவில்லை. ஏறுகிறவர் சொல்லிவிட்டு ஏறட்டும்.

ஒரு ஆட்டக்காரனை, அவன் போர்ட்டலில் பெயர் போடுவதற்கு முன்னால் வேறு பல்கலை தொடர்புகொண்டால் என்சிஏஏ அதை டாம்பரிங் என்று தண்டிக்கிறது. கோச்சிடம் பேசினால் அப்படி ஒன்றும் இல்லை. என்பிஏவில் இன்னொரு அணியின் கோச்சிடம் பேச அந்த அணியின் அனுமதி வேண்டும். பல கோடி டாலர் புரளும் தொழில்முறை லீக்கில் இருக்கும் கட்டுப்பாடு, கல்வி நிறுவனங்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களிடம் இல்லை. என்பிஏ விதியை அப்படியே கொண்டுவரலாமே?

கணக்குப்பிள்ளை

கொண்டுவர முடியாது என்றே நினைக்கிறேன். என்சிஏஏ கோச்சுகளின் வேலைச் சந்தையில் கை வைத்து ஏற்கெனவே சூடுபட்டிருக்கிறது. தொண்ணூறுகளில், கூடைப்பந்தில் ஒரு குறிப்பிட்ட உதவிக் கோச் பதவிக்கு வருடம் 16,000 டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். உதவிக் கோச்சுகள் வழக்குப் போட்டார்கள். அது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1999-இல் 5.45 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தார்கள். எல்லாப் பல்கலைகளும் சேர்ந்து "அனுமதி இல்லாமல் ஒருவர் ஆளை ஒருவர் எடுக்க மாட்டோம்" என்று இன்று விதி எழுதினால் நாளைக்கே யாராவது நீதிமன்றத்துக்குப் போவார்கள். என்பிஏவைப் பார்த்து இவர்கள் அப்படியே நகல் எடுக்க முடியாது.

ஆனால் ஒவ்வொரு பல்கலையும் தன் ஒப்பந்தத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நான் எழுதுவதாக இருந்தால் பைஅவுட்டை இரண்டு விலையாக வைப்பேன். முதல் பேச்சு நடந்த இரண்டு நாளுக்குள் ஏ.டி.யிடமும் உதவியாளர்களிடமும் சொன்னால் பாதித் தொகை. சொல்லாமல் போனால் முழுத் தொகை, கூடவே ஒரு பகுதி உதவிக் கோச்சுகளுக்கு ஆறு மாதச் சம்பளமாகப் போக வேண்டும். ஏஜென்ட் பேசினாலும், சர்ச் ஃபர்ம் பேசினாலும் அது பேச்சுதான் என்றும் எழுதிவிடுவேன்.

கடைசி பெஞ்ச்

அந்த ஆறு மாதச் சம்பளம் மட்டும் இருந்திருந்தால் நான் சொன்ன அந்த ஆள் வீட்டைக் காலி செய்திருக்க மாட்டார்.

மூணு பாயிண்ட்

சார், யோசனை நன்றாக இருக்கிறது, காகிதத்தில். பேச்சு என்றைக்குத் தொடங்கியது என்று எப்படி நிரூபிப்பீர்கள்? ஏஜென்ட் ஒருவர் போனில் "உங்கள் ஆளுக்கு ஆர்வம் உண்டா" என்று கேட்டால் அது பேச்சா, விசாரிப்பா? அதுவும் கோச் சொன்னதை ஏ.டி. யாரிடமும் சொல்லாமல் இருப்பார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஷெம்பெக்லர் மாதிரி மறுநாளே வெளியே அனுப்பினால்?

கணக்குப்பிள்ளை

கடைசிக் கேள்விக்குப் பதில் சுலபம். சொன்னதற்காகச் சீசன் முடியும்வரை நீக்கக் கூடாது, நீக்கினால் பைஅவுட் பூஜ்யம் என்று அடுத்த வரியில் எழுதுவேன். ஏ.டி.க்குக் கோபம் வந்தாலும் பணம் கண்ணில் தெரியும்.

நிரூபிப்பது கஷ்டம்தான். வழக்கு என்று வந்தால் போன் பதிவுகளையும் சர்ச் ஃபர்மின் கோப்புகளையும் நீதிமன்றம் கேட்டு வாங்க முடியும், ஏஜென்ட்டையும் சத்தியப் பிரமாணத்தில் உட்கார வைக்கலாம். பத்திரிகைக்குக் கிடைக்காதது அங்கே கிடைக்கும். புதுக் கோச்சுக்கு அப்படி ஒரு வழக்கு வருவதை எந்தப் பெரிய பல்கலையும் விரும்பாது. விசாரிப்பா பேச்சா என்பதற்கு, சம்பளத் தொகை எப்போது முதலில் வாயிலிருந்து வந்ததோ அன்றிலிருந்து பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

மூணு பாயிண்ட்

இந்த ஒப்பந்தத்தோடு ஒரு சின்னக் கல்லூரியும், இது இல்லாமல் இன்னொரு சின்னக் கல்லூரியும் வந்தால், கோச் எங்கே போவார்? உங்கள் ஷரத்தை முதலில் போடும் கல்லூரிக்கு மிஞ்சின ஆள்தான் கிடைப்பார்.

ஜெர்சி பயணி

சொன்னால் பாதி விலை என்பது கோச்சுக்கும் லாபம்தானே தம்பி? அவரை எடுக்க நினைக்கும் பெரிய பல்கலைக்குச் செலவு பாதியாகிறது. ஏஜென்ட்டே இதைக் கேட்டு வாங்குவார். கணக்குப்பிள்ளை சார், அந்த இரண்டு நாள் என்பதை "அடுத்த ஆட்டத்துக்கு முன்னால்" என்று மாற்றினால் சட்டப்படி நிற்குமா?

கணக்குப்பிள்ளை

நிற்கும். ஆனால் மார்ச்சில் அடுத்த ஆட்டம் 48 மணி நேரத்தில் வந்துவிடும், நவம்பரில் ஒரு வாரம்கூட ஆகலாம். எது முந்துகிறதோ அது என்று எழுத வேண்டும்.